செருப்புப் போடும் நேரம்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. நானும் பூனையும் சுகம். உன் இருமல் நின்றதா? விடுதிச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று எழுதியிருந்தாயே, கட்டிலைத் தள்ளிப் போட்டாயா, இல்லை சோம்பேறித்தனம்தானா?

‘போன்ல கேட்டா வாய் வலிக்குமா’ என்று நீ கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. போனைக் காதில் வைத்தாலே பூனை பாய்ந்து வந்து பிடுங்கிச் சுவரில் அடிக்கிறாள். முகம் இல்லாமல் குரல் மட்டும் வருவது அவளுக்குப் பயமோ என்னவோ. இரண்டு போன் போயாயிற்று. மூன்றாவதை அணைத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். கடையில் பில் போடும் இடத்தில் பேச விடமாட்டார்கள். ஆகவே கடிதம்தான், பொறுத்துக்கொள்.

நீ வந்திருந்தபோது செய்துகாட்டிய மாதிரியே செய்கிறேன். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைப்பது. முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நம் கையை எடுத்துவிடுவது. செய்த நொடியே பிஸ்கட், பாராட்டு. போன வாரம் அவளே டம்ளரை எடுத்து வந்து, சுவரில் ஒட்டிய தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள். பேச்சே வராத என் மகள், ஆறு வயதில் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், தரையெல்லாம் தண்ணீர். நுனிக்கால் நடை மட்டும் மாறவில்லை. நீ வைத்த பேர் நிலைத்துப் போய் டீச்சரும் பூனை என்றே கூப்பிடுகிறார்.

ஒரு சின்னச் சந்தேகம். கொஞ்ச நாளாகத் திடீரென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி வைத்துக்கொள்கிறாள். அசைவதில்லை. உங்கள் சென்டரில் நீங்கள் எடுக்கும் வகுப்புகளில் இப்படி ஏதாவது உண்டா? இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதானா? உண்டு என்றால் ஒரு வரி எழுது, போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


ஜனவரி 18

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, கட்டில் அங்கேயேதான் இருக்கிறது. திட்டிக்கொள்.

தண்ணீர்ப் படம் பற்றிப் படித்துவிட்டு விடுதியில் எல்லோருக்கும் சொன்னேன். சமையல்காரம்மாவுக்குக்கூட.

ஆனால் அந்தச் சின்னச் சந்தேகம் சின்னது இல்லை. அப்படி ஒன்றை நாங்கள் சொல்லித்தருவதே இல்லை. கை மேசைமேல், இல்லையென்றால் மடியில். பின்னால் கிடையாது. சில பிள்ளைகள் கையை உதறும், காதைப் பொத்தும், விரலை முகத்துக்கு நேராக ஆட்டும். அது அவர்களுக்கே தோன்றுவது. முதுகைக் காட்டி மணிக்கட்டைச் சேர்த்துப் பிடிப்பது தானாகத் தோன்றாது. கூரையிலிருந்து விழுந்த பழக்கம் இல்லை அது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செய்தபோது ஏதோ கொடுத்துமிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் காபியோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள், டிரைவர் கீழே காத்திருக்கிறான். நம் பூனையின் பள்ளியில் இருபது பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா. இருபதும் எழுந்து ஓடினால் அந்த ஆயா என்ன செய்வாள்? நீயே யோசி.

எப்போது செய்கிறாள், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன கிடைக்கிறது என்று பார். உடனே எழுது.

அத்தான் லாரியோடு எந்தப் பக்கம்? போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

வாயாடி


பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர்காலம் போகட்டும், உனக்கு ஒரு போர்வை அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நினைப்பு மட்டும்தான் நடக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மின்சார மீட்டர் பார்க்கிறவர் வந்தார். மீட்டர் சமையலறையில் இருக்கிறது, உனக்குத் தெரியும். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குறித்துக்கொண்டார். திரும்பிப் போய்க் குனிந்து ஷூவை மாட்டினார். பூனை விறுவிறுவென்று போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள். கழுத்தை மட்டும் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நீ பார்க்க வைப்பதற்கு எவ்வளவு பாடுபட்டாய், அந்தக் கண் நேராக அவர் கண்ணைப் பார்த்தது.

அவர் சிரித்தார். “என்ன பாப்பா, உன்னை அரெஸ்ட் பண்ணணுமா?” என்றார்.

நானும் சிரித்தேன். கதவைத் தாழ்போட்டுவிட்டு, தாழை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். அவர் நல்லவர். வேறொருவன் வந்திருந்தால்? யார் வந்து கையைப் பிடித்தாலும் கொடுப்பாளா? முன்பெல்லாம் தெரியாதவர் தொட்டால் கடிப்பாள். கடிக்கிறாள் என்று பள்ளியில் புகார் வந்து, நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே அதை நிறுத்தினோம்.

ஆயாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அங்கே உட்கார்ந்து பார்ப்பதில்லையே, எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் நான் வேலைக்குப் போனால் எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். அது பிரச்சினை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். அப்புறம் ஒரு பையனுக்கு ‘கை மடியில்’ என்று சொல்ல வாயே வரவில்லை.

எனக்கு என்ன தெரியும் என்று எப்படி எழுதினாய்? நீ பயந்தாங்கொள்ளி, எப்போதும் அப்படித்தான். பள்ளியின் பெரிய மேடத்துக்கு நானே போன் செய்தேன். பிறகு எழுத்திலும் அனுப்பினேன். பிள்ளையின் கையைப் பின்னால் கட்டி உட்கார வைக்கிறார்கள் என்று நேராகவே எழுதினேன். ‘கண்ணால பார்த்தீங்களா’ என்று கேட்டார். பார்த்தால்தான் நெருப்பா, சுட்டால் போதாதா என்றேன்.

இனி பூனைக்கு ஒரே பாடம். ‘வேண்டாம்’. ஒரு அட்டையில் சிவப்பாகக் கையைத் தள்ளுகிற படம் வரை. பிடிக்காத எதையாவது நீட்டு, அவள் கையைப் பிடித்து அந்த அட்டையைத் தொட வை. தொட்ட நொடியில் நீட்டியதை எடுத்துவிடு. சோப்பு, சட்டை, நீயேகூட. அவள் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் எதுவும் நடக்கக்கூடாது. ஆறு வருடம் வா, உட்கார், பார், கொடு என்றே கற்றுக்கொடுத்தோம். மாட்டேன் என்பதற்கு ஒரு வழியும் வைக்கவில்லை. கடிப்பதுதான் அவளுடைய மாட்டேன். அதையும் பிடுங்கினோம். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, இத்தனைக்கும் எனக்குச் சான்றிதழ் வேறு.

அத்தானைப் பற்றி மறுபடியும் எழுதவில்லை நீ.

வாயாடி


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

ஆயாவை நிறுத்திவிட்டார்கள். விசாரணை என்று எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை. ஒரே நாளில் முடிந்தது. புது ஆள் கிடைக்கும்வரை பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போக யாருமில்லை என்று, பூனையை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அட்டை வரைந்தேன். சோப்புக்கு ஒரு தடவை தொட்டாள்.

பின்னால் கை வைப்பது நிற்கவில்லை. அதிகமாகியிருக்கிறது.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நலமா என்று நான் கேட்கிறேன், நீ சடங்குக்கு எழுதாமல் பதில் சொல்லு.

ஆயா போனது தெரிந்ததும் முதலில் குதித்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பழக்கத்தைக் கொடுத்த ஆள் போய்விட்டால் அது மெல்லக் குறைய வேண்டும். கூடக்கூடாது. கூடுகிறது என்றால் இன்னும் யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் முன்பைவிட அடிக்கடி. நம் வீட்டுக்கு வருகிறவர் யார் யார்? மதியத்திலிருந்து அவளோடு இருப்பது யார்?

எனக்காக ஒன்று செய். ஒரு வாரம் பார். அவள் கையைப் பின்னால் வைப்பதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் எழுது. உன் அபிப்பிராயம் வேண்டாம், சமாதானம் வேண்டாம். கண் பார்த்தது போதும். இங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். சின்ன விஷயம் என்று நீ விடுவதில்தான் பதில் இருக்கும்.

எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா.

வாயாடி


ஏப்ரல் 6

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். பூனைக்கு லேசான சளி, இப்போது பரவாயில்லை.

நீ கேட்டபடி பார்த்தேன். திங்கட்கிழமை தலை சீவிக்கொண்டிருந்தேன், கொண்டையை முடிந்து பையை எடுத்தேன், வந்து நின்றாள். செவ்வாய் அப்படியேதான், ஆனால் பையை எடுக்கும் முன்பே, செருப்பை எடுத்ததும் நின்றாள். புதன்கிழமை எனக்கு விடுமுறை, நாள் முழுக்க ஒருமுறைகூடச் செய்யவில்லை. சாயங்காலம் குப்பை கொட்டச் செருப்பைப் போட்டேன், உடனே வந்தாள். வியாழனும் வெள்ளியும் திங்கட்கிழமை மாதிரியேதான். சனிக்கிழமை கடையில் சீக்கிரம் கூப்பிட்டார்கள், காலையிலேயே நின்றாள். பின்னால் என்ன கிடைக்கிறது என்று கேட்டிருந்தாய். பிஸ்கட். கிரீம் வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆயா வந்தார்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நான் கட்டிப் போட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?” என்றார்.

“நான் எழுதலீங்க.”

“தங்கச்சி எழுதிச்சாம். படிச்ச பொண்ணாமே. தட்டியிருக்கேன், இல்லேன்னு சொல்லல. இது சாக்பீஸைத் திங்கப் போச்சு, கையில ஒண்ணு வெச்சேன். இருபது புள்ளைங்க, எனக்கு ரெண்டே கை. ஆனா கட்டினதில்ல. எம் பொழப்பு போனது போகட்டும், அந்தப் பேரோட போகணுமா? வேற எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பான் என்னை?”

பூனை அவர் மடியில் போய்ச் சாய்ந்துகொண்டிருந்தாள், அவரும் பேசிக்கொண்டே அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். பேச்சு முடிந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். பூனை ஓடிப்போய் முதுகைக் காட்டிக் கையை நீட்டினாள்.

ஆயா குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து, பூனையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் இது இப்படிச் செஞ்சதில்லையே” என்றார்.

போய்விட்டார். அவர் யாரிடமாவது சொல்வாரா? உனக்கு என்ன தோன்றுகிறது? மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

நீ செருப்பை எடுக்கிறாய். அவள் கையைப் பின்னால் வைக்கிறாள். பிஸ்கட் கொடுக்கிறாய். நீ வேலைக்குப் போகிறாய்.

நடுவில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய்.

உன் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன். எதிர் வீடு விளக்கேற்றக்கூட ஆளில்லாமல் நவம்பரிலிருந்து பூட்டிக் கிடக்கிறதாம். அத்தானை அவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

நீ போன பிறகு பூனையோடு யார் இருக்கிறார்கள்?

வாயாடி


ஏப்ரல் 19

அன்புள்ள வாயாடிக்கு,

யாரும் இல்லை.

உன் அத்தான் போன மழைக்கு முந்தின மழையிலேயே போய்விட்டார். ‘இதை எங்கயாவது சேர்த்துட்டுக் கூப்பிடு, வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் சேர்க்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் ஐந்தாறு ஏறி இறங்கினேன். பேசாத பிள்ளை என்றதும் இடம் காலியில்லை என்கிறார்கள். எதிர் வீட்டு அக்கா இருந்தவரை ஓடியது. அவர்களும் வீடு மாறிப் போனார்கள்.

சமையலறை ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. வீட்டுக்காரரிடம் கேட்டால் உன் செலவில் போட்டுக்கொள் என்கிறார், போட்டால் காலி செய்யும்போது கழற்றக்கூடாது என்கிறார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அவள் ஜன்னல் மேடையில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடி. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். கூப்பிடாமல், மூச்சு விடாமல் போய்ப் பிடித்தேன். அதற்கு மறுநாள்தான் முதலில் கட்டினேன். கட்டில் காலோடு, என் பழைய ஷாலால். தடம் விழாது.

கத்தினாள். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அப்போது நீ சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கஷ்டமான வேலை என்றால் உடை. முதலில் கையைப் பின்னால் வைத்தால் பிஸ்கட். அது பழகியதும், ஷாலைச் சும்மா மணிக்கட்டின்மேல் போட்டால் பிஸ்கட். பிறகு ஒரு சுற்று. பிறகு முடிச்சு. ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரத்தில் கத்தல் நின்றுவிட்டது. பள்ளியிலிருந்து மதியமே அனுப்பத் தொடங்கிய பிறகு, ரேஷனுக்குப் போனாலும் கட்டினேன். நானே ஆச்சரியப்பட்டேன். தண்ணீர்ப் படத்துக்குப் பட்ட பாட்டில் பாதிகூட இதற்குப் படவில்லை.

நீ ஜனவரியில் ‘ஆமாம், நாங்களும் இப்படித்தான்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குப் போதுமாக இருந்தது.

மணியாகிறது. கடைக்குப் போக வேண்டும். நான் இன்னும் செருப்பைத் தொடவில்லை, அவள் அதற்குள் வந்து நிற்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இரு. இதைச் சடங்குக்கு எழுதவில்லை.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், இரண்டு தாள் கிழித்தாயிற்று. எங்கள் சென்டரில் உன்னளவு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் ஒருத்தர்கூட இல்லை. படிப்படியாக, பிசகாமல், செய்த நொடியில் பரிசு. இந்த முறைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று தெரியாது, அக்கா. தண்ணீர் கேட்கவும் சொல்லித்தரும், கையைக் கட்டக் கொடுக்கவும் சொல்லித்தரும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் உனக்குச் சொல்லவில்லை.

ஆயா விஷயத்தில் குற்றவாளி நான். பார்க்காமல் எழுதினேன். பெரிய மேடத்துக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன், நேரிலும் வந்து சொல்வேன். உன் பேரை எழுதவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

இங்கே விடுப்பு கேட்டேன். ‘உன் அக்கா பொண்ணுக்காக எங்க க்ளையன்ட்ஸ் காத்திருக்க முடியாது’ என்றார் எங்கள் சென்டர் மேடம். காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டேன். மாதம் முடிய வேண்டியதுதான் பாக்கி. அது முடிந்து வரும் சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன்.

அதுவரைக்கும் கேள். ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடி. வீட்டுக்காரர் கத்தினால் என்னிடம் அனுப்பு. ஆயாவிடம் போ. காலில் விழாதே, உண்மையைச் சொல், சாயங்காலத்துக்கு வர முடியுமா என்று கேள். இனிமேல் கட்டாதே, ஒரு நாள்கூட. அவள் கையை நீட்டினால் பிஸ்கட்டும் கொடுக்காதே, திட்டவும் திட்டாதே. ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வழக்கமாகக் கிடைப்பது நின்றதும் பழக்கம் உடனே போகாது. முதலில் பெரிதாகும். பயங்கரமாகப் பெரிதாகும். அப்போது நீ இளகினால் எல்லாம் பாழ்.

வாயாடி


ஏப்ரல் 30

அன்புள்ள வாயாடிக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் நீ கிளம்பிவிடுவாயோ என்னவோ. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே, உனக்கு இருமல் வரும்.

ஆயா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாத்திரம் விளக்கினார். கடைசியில், “நான் வந்து பார்த்துக்கறேன். உங்களுக்காக இல்ல. ஆனா மொதல்ல உங்க தங்கச்சி அந்தப் பள்ளிக்கூடத்துல, அத்தனை பேர் முன்னால வந்து சொல்லட்டும். அப்புறம்தான் உங்க வாசல் ஏறுவேன்” என்றார். நியாயம்தான். ஆக, சனிக்கிழமை வரை நான்தான்.

பலகை அடித்தேன். சமையலறை இருட்டாகிவிட்டது.

இன்றைக்குக் கட்டவில்லை. செருப்பைப் போட்டேன், வந்து திரும்பி நின்றாள். நான் சும்மா இருந்தேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கையை இன்னும் இறுக்கமாகச் சேர்த்துக் காட்டினாள், சரியாகச் செய்யவில்லையோ என்கிற மாதிரி. அப்போதும் சும்மா இருந்தேன். பிறகு நீ சொன்னது ஆரம்பித்தது. தரையில் விழுந்து தலையை மோதினாள். நடுவில் என் கையை வைத்தேன், வீங்கியிருக்கிறது. ‘வேண்டாம்’ அட்டையைக் காட்டினேன், அதைத் தூக்கி எறிந்தாள். அவளுக்கு வேண்டாம் இல்லையே, வேண்டும். அதற்கு நாம் படம் எதுவும் வரையவில்லையே.

அப்புறம் எழுந்து உள்ளே போனாள். ஷாலை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். திணித்துவிட்டுத் திரும்பி நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது, கை மட்டும் அசையாமல் பின்னால் இருந்தது.

வேலைக்குப் போகவில்லை. நாளைக்கும் போகாவிட்டால் வர வேண்டாம் என்று கடையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நான் கட்டவில்லையடி. ஆனால் முடிச்சுப் போடும் அளவுக்கு ஷாலை விரித்துவிட்டேன், பிறகுதான் நிறுத்தினேன். அதை பீரோமேல் வைத்தேன், நாற்காலி போட்டு எடுத்தாள். அரிசி டின்னுக்குள் வைத்தேன், கண்டுபிடித்தாள். எங்கே ஒளித்தாலும் எடுத்து வந்துவிடுகிறாள். சனிக்கிழமைக்கு முன்னால் வர முடியுமா?

அக்கா